ரோலர் சாமிக்கு ஒரு திருத்தம்

9 செப்டம்பர் 2024, திங்கள்

கோணல் மாணலுக்கு இன்று இரண்டு வயது. மூன்று பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு இவ்வளவு பெரிய கேக் எதற்கு என்று கேட்டேன். ரஸீன் கேட்கவில்லை. கீழே டயர் கடையில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறான். இனி கட்டுகஸ்தோட்டையில் டயர் மாற்ற வருகிற அத்தனை பேருக்கும் எங்கள் பிறந்தநாள் தெரியும்.

பெட்ரோல் கியூவில் நின்றுகொண்டு ரஸீன் நெட்டில் போட்ட ஒரு படத்தில் ஆரம்பித்தது இது. பேராதனை ஸ்டேஷன் பக்கம் பழைய ரயில் பெட்டிக்குள் நடக்கிற ஒரு சலூன். "இது எங்க இருக்கு?" என்று ஊர்ப்பட்ட பேர் கேட்டார்கள். நான் அப்போது பேங்கில், லோன் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. ரஸீனுக்காக அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவள் பேங்குக்குத் திரும்பிப் போகவே இல்லை. வெப்சைட்டைச் சயந்தன் செய்தான். யாழ்ப்பாணத்துக்காரன், பேராதனையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இந்த ஊர்க் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டான். டூரிஸ்ட் பார்க்க வருகிற தலதா மாளிகையையும் வாவியையும் மற்றவர்கள் எழுதட்டும். நாங்கள் எழுதுவது, கிரிக்கெட் மேட்ச் நாளில் கூரையில் கதிரை போட்டு வாடகைக்கு விடுகிற பல்லேகல ஆன்ட்டியைப் பற்றி. தமிழ், சிங்களம், இங்கிலிஷ், மூன்று மொழியிலும்.

ஒரே ஒரு சட்டம், நான் போட்டது. இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்க்காத இடம் வெளியே வராது. பொய் வரவே வராது. சயந்தன் இதனால் என்னைச் 'சட்டம்பியார்' என்கிறான். அவன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அப்படித்தான் பெயராம்.

கேக் கத்தியைக் கழுவிக்கொண்டே அவன் இன்னொன்றும் சொன்னான். யாராவது ஸ்பொன்சர் கிடைக்காவிட்டால் மார்ச்சோடு மூட வேண்டியதுதானாம். நல்ல நாளும் அதுவுமா சொல்ற பேச்சா இது?

12 செப்டம்பர், வியாழன்

மழை. ஒருத்தரும் வாசிக்கவில்லை. அம்மா போனில், "அந்த பேங்கு மேனேஜரு இன்னமும் ஒன்ன விசாரிக்கிறாராம்டி." விசாரிக்கட்டும்.

14 அக்டோபர், திங்கள்

ரஸீன் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தான். "யசோ! சாமி ஒண்டு ஈக்கி!"

சனிக்கிழமை புசல்லாவைக்குப் போயிருக்கிறான். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து ரோடு பிரிகிற முனையில் ஒரு பழைய ரோட் ரோலர். எந்தக் காலத்திலோ ரோடு போட வந்து, வேலையைப் பாதியில் விட்டுப் போனவர்கள் அதையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சீட்டுக்குள்ளே புல் முளைத்திருக்கிறது. ஆனால் நெற்றியிலே — நெற்றின்னா முன் உருளை — சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சை! பக்கத்து டீக்கடை அண்ணன் சொன்னாராம்: "இது ரோலர் முனி. ரொம்ப துடியானவரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன்னா எங்கள் ஊர் தெல்தோட்டைத் தேயிலை பாக்டரியில் ரோதமுனி இருக்கிறார். மெஷின் சக்கரத்தைக் காக்கிற சாமி, யாருடைய கையும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று படையல் வைப்பார்கள். பாக்டரிச் சக்கரத்துக்கு ஒரு முனி இருந்தால் ரோலர் சக்கரத்துக்கு ஏன் இருக்கக் கூடாது? ரஸீனை உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். என் விளக்கம் எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது.

16 அக்டோபர், புதன்

சட்டப்படி இரண்டாவது ஆளாகச் சயந்தன் போய்வந்தான்.

"ஓம், பார்த்தனான். மாலை கிடக்கு, பொட்டுக் கிடக்கு, தேசிக்காயும் கிடக்கு. சாமிதான்."

"இறங்கிக் கேட்டியா?"

"சரியான மழை. பஸ்ஸுக்குள்ள இருந்துதான் பார்த்தனான். ஆனா வடிவாப் பார்த்தனான்."

சரி, பார்த்தான்தானே. போட்டாச்சு. ரோலர் முனி வெளியே வந்துவிட்டார்.

19 அக்டோபர், சனி

ஆத்தாடி ஆத்தா! டொரொன்டோவில் வாசிக்கிறார்கள். மெல்பனில் வாசிக்கிறார்கள். பாரிஸிலிருந்து ஒருவர், "ரோலர் முனிக்கு அர்ச்சனை செய்ய எந்த அக்கவுண்டுக்குக் காசு போடுவது?" என்று கேட்டிருக்கிறார். சயந்தன் வெப்சைட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான், காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி. இரண்டு தடவை விழுந்து எழும்பியது. ரஸீன் சாப்பிடவே இல்லை. கொத்து ரொட்டி ஆறிப் போனதை நான் சாப்பிட்டேன், என்னுடையதையும் சாப்பிட்டேன்.

25 அக்டோபர், வெள்ளி

கொழும்பிலிருந்து ஒரு போன். சஞ்சீவனி என்று ஒரு மேடம், பெரிய ஹோட்டல் கம்பெனி ஒன்றில் விளம்பரப் பகுதித் தலைவர். ஒரு வருடத்துக்கு எங்களை ஸ்பொன்சர் செய்ய யோசிக்கிறார்களாம். ஒரு வருடம்!

"ஒரேயொரு கண்டிஷன்தான். நீங்கள் எழுதுறது எல்லாம் உண்மையா இருக்க வேணும். எங்கட பேரும் சேர்ந்து வரப்போகுதுதானே."

"மேடம், எங்க சட்டமே அதுதான் மேடம்!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது, காதில் போனை வைத்திருந்தார் பாவம்.

போனை வைத்ததும் மூன்று பேரும் குதித்தோம். கீழேயிருந்து டயர் கடைக்காரர்கள் கம்பால் கூரையைத் தட்டினார்கள். நாங்கள் திருப்பித் தட்டினோம்.

6 நவம்பர், புதன்

ஐயோ. ஐயோ ஐயோ ஐயோ.

அப்படியே எழுதி வைக்கிறேன். காலையில் போன்.

"தங்கச்சி, கோணல் மாணல் ஆபீஸா? நான் புசல்லாவையில இருந்து கணேஸ் பேசுறேன். ரோலருக்குப் பக்கத்துல டீக்கடை. ஒரு பூசாரி அனுப்பி வைக்க முடியுமா?"

"ஏண்ணே, அங்க பூசாரி இல்லையா?"

"எப்புடிம்மா இருப்பாரு? நீங்க எழுதின பொறகுதானே சாமியே வந்துச்சு!"

அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். "ஆயுத பூஜைக்கு நம்ம பயலுக ஆட்டோ, லொறி, என் வடைச் சட்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சானுங்க. மாலை மிஞ்சிருச்சு. இதுவும் பாவம், நம்ம ஊர்லதானே கெடக்குன்னு ரோலருக்குப் போட்டோம். ஒங்க கேமரா தம்பி வந்து என்ன சாமின்னு கேட்டுச்சு. நான் வெளாட்டுக்குச் சொன்னேன். சிரிப்பாருன்னு பார்த்தா சப்பாத்தக் கழட்டுறாரு! பொறகு எப்புடி நான் இல்லைன்னு சொல்றது?"

இப்போது சாமி பார்க்க ஆட்கள் வேனில் வருகிறார்களாம். கணேஸ் அண்ணனே மணி அடிக்கிறாராம். மந்திரம் ஒன்றும் தெரியாததால் ரேடியோவில் கேட்ட பக்திப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறாராம்.

ஆயுத பூஜை! அந்த சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன்? தெல்தோட்டையில், எங்கப்பா ஆட்டோவுக்குச் சந்தனம் பூசிக்கிட்டு! கையிலே சந்தனம் காயுறதுக்குள்ள ஆபீஸ் வந்து ரோலருக்கு முனி வம்சம் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன். என்னை எதால அடிக்கிறது?

7 நவம்பர், வியாழன்

நாள் முழுக்கச் சண்டை.

சயந்தன்: "சஞ்சீவனி மேடம் கையெழுத்துப் போடும் மட்டும் பொறுப்பம். பிறகு திருத்துவம். நாலு கிழமை, ஒரு மாசந்தானே."

நான்: முடியாது. உண்மைன்னு சொல்லித்தானே கையெழுத்து கேட்கிறோம்? பொய்யைத் தெரிஞ்சே வச்சுக்கிட்டு எப்படி?

"மூடினா உண்மையை எங்க எழுதப் போறாய், சட்டம்பியார்? பேங்க் சிலிப்பிலயோ?"

அழுதுட்டேன். அவனும் பதறிப்போய் எனக்கு டீ போடப் போனான், சீனிக்குப் பதில் உப்பு. பிறகு ரஸீன் லெப்டொப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினான். ரோலருக்கு முன்னால் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு அவன். அவன் கேமராவில் கணேஸ் அண்ணன் எடுத்தது.

"திருத்தம் போடு யசோ. இந்தப் படத்தையும் போடு. ஏமாந்தவன்ட மூஞ்சி எப்பிடி ஈக்கும்னு ஆக்கள் பாக்கட்டும்."

உப்புப் போட்ட டீயை மூன்று பேரும் பகிர்ந்து குடித்தோம். சிரிப்பை அடக்க முடியவில்லை. மூழ்கப்போகிற ஆட்கள் மாதிரியா இருந்தோம்?

9 நவம்பர், சனி

போட்டாச்சு. தலைப்பு: "ரோலர் முனி என்று ஒரு சாமி இல்லை." யார் சொன்னது, யார் நம்பியது, யார் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தது, எல்லாம் பெயரோடு. என் பெயர் முதலில்.

11 நவம்பர், திங்கள்

சஞ்சீவனி மேடம்: "ஆக, உங்கட ஆகப் பிரபலமான கட்டுரையே பிழை." குரலில் கோபம்கூட இல்லை. ஜனவரிக்குப் பிறகு பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று பேங்கில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

30 நவம்பர், சனி

பேங்க் மேனேஜருக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். அனுப்பவில்லை. எழுதினேன்.

18 ஜனவரி 2025, சனி

இன்றைக்கு நடந்ததை எந்த வரிசையில் எழுதுவது என்றே தெரியவில்லை!

பதினொரு மணிக்குக் கீழே ஒரு வேன். டயர் மாற்ற வந்தது என்று நினைத்தோம். வேனிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மாடிப்படி அதிர்ந்தது. முன்னால் வந்தவர் கையில் ஒரு பெரிய பொங்கல் சட்டி, முகத்தில் அடுப்பு.

"எழுதுற புள்ள எது?"

சயந்தனும் ரஸீனும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். நன்றிகெட்ட ஜென்மங்கள்.

"நான் இராஜகுமாரி. புசல்லாவையில தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். எங்க சாமி இல்லைன்னு எழுதுனது நீதானா?"

"அத்தை, அது வந்து... கணேஸ் அண்ணனே சும்மா வெளாட்டுக்குத்தான்..."

"அவன் வெளாடுனான். நாங்களா வெளாடுறோம்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். டிசம்பரில் அவர் மகளுக்கு விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ரோடு என்று ஒன்று கிடையாது, குழியும் கல்லும்தான், ஆம்புலன்ஸ் ஏறாது. கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். முனைக்கு வந்தால் ரோலருக்கு முன்னால் ஒரு வேன். மாத்தளையிலிருந்து சாமி பார்க்க விடியவே வந்துவிட்ட ஒரு குடும்பம். அந்த வேனில்தான் மகள் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்து பத்தே நிமிஷத்தில் பேரன். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம்.

"அந்த நேரத்துல அந்த எடத்துல வேன் எதுக்கு நின்னுச்சு? சாமி பார்க்க. அப்ப அவங்களக் கூட்டியாந்தது யாரு?"

ரஸீன் மெதுவாக, "நாங்க மொதல்ல எழுதினத வாசிச்சிட்டுத்தானே..." என்றான்.

"நீங்க வழி சொன்னீங்க தம்பி. கூட்டியாந்தது அவரு." பொங்கல் சட்டியை என் மேசையில் வைத்தார். "இது பேரன் பேருல அவருக்குப் பொங்குனது. சாப்புடுங்க. சாப்புட்டுட்டு மாத்தி எழுதுங்க."

நாங்கள் சாப்பிடும் வரைக்கும் வந்த பதினான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பொங்கல் அமிர்தமாக இருந்தது. பயத்திலும் ருசி தெரிகிறதே!

26 ஜனவரி, ஞாயிறு

இந்தத் தடவை சட்டத்தை மயிரிழைகூட மீறவில்லை. காலையில் நான் தனியாக, பின்னேரம் சயந்தன் தனியாக. அவன் இறங்கினான். குடையில்லாமல் இறங்கி நனைந்ததை எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினான்.

நான் பார்த்தது: ரோலருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சீட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கவில்லை, அது சாமியின் தலைமுடியாம். புது டிரைவர்கள் முதல் ஓட்டத்துக்கு முன்னால் சக்கரத்தடியில் தேசிக்காய் நசுக்குகிறார்கள். கணேஸ் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார், வெள்ளிக்கிழமைகளில் நிஜப் பூசாரி ஒருவர் வருகிறார். ஒரு அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன கேட்டீங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இராஜகுமாரி அத்தையிடம் மட்டும் கேட்டேன். "ரோட்டு சாமிகிட்ட வேற என்னத்தக் கேப்பாங்க? ரோட்டத்தான்," என்றார்.

2 பெப்ரவரி, ஞாயிறு

வெளியே வந்தது: "திருத்தத்துக்குத் திருத்தம்." ஒக்டோபரில் நாங்கள் எழுதியது பொய். நவம்பரில் எழுதியது அன்றைக்கு உண்மை. இன்றைக்கு அங்கே ஒரு சாமி இருக்கிறது, இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டோம். அவ்வளவுதான் எழுதினேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள், பாதிப்பேர் சண்டை பிடிக்கிறார்கள், எல்லாரும் வாசிக்கிறார்கள். வெப்சைட் மறுபடி விழுந்தது. சயந்தன் விசிலடித்துக்கொண்டே தூக்கி நிறுத்துகிறான்.

25 பெப்ரவரி, செவ்வாய்

சஞ்சீவனி மேடம் நேரில் வந்தார். 'இல்லை' என்பதை முகம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாராம். வந்ததற்கு ரோலரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். கூட்டிப் போனோம். குதிகால் செருப்போடு அந்த முனையில் இறங்கி இரண்டு அடி வைத்தார், மூன்றாவது அடியில் இராஜகுமாரி அத்தை.

ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரைக்கும் நாங்கள் செய்த பிழை எல்லாவற்றையும் அத்தை மேடத்திடம் ஒப்பித்தார். எந்த வரியில் என்ன எழுதினோம் என்பதுவரை. பிள்ளையார் கோயில் என்று படத்தின் கீழே தப்பாகப் போட்டதைக்கூட விடவில்லை, அது எங்களுக்கே தெரியாது! எனக்குப் பூமிக்குள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

வேனில் திரும்பும்போது மேடம் கேட்டார்: "அந்த அம்மா உங்கட ஆளா?"

"இல்ல மேடம். எங்க மேல கோவமா இருக்காங்க."

"ஒரு வேனைப் பிடிச்சு வந்து சண்டை போடுற அளவுக்கு உங்களை வாசிக்கிறாங்க. நாங்கள் வருஷம் முழுக்க விளம்பரம் போடுறம். எங்களோட ஒருத்தரும் கோவிச்சதே இல்லை." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கம்பளை டவுன் தாண்டியதும், "பேப்பர்ஸை அனுப்புங்கோ," என்றார்.

ரஸீன் என் கையைக் கிள்ளினான், இரத்தமே கட்டிவிட்டது.

4 மார்ச், செவ்வாய்

கையெழுத்து!!! ஒரு வருடம்!!! டயர் கடையில் எல்லாருக்கும் மறுபடி கேக்.

29 ஏப்ரல், செவ்வாய்

பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிற எல்லாக் கட்சியும் ரோலருக்கு மாலை போட்டுவிட்டதாம். எல்லாரும் அவர் முன்னால் சூடம் கொளுத்தி ரோடு போட்டுத் தருவதாகச் சத்தியம். கணேஸ் அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "யாரு ஜெயிச்சாலும் மாட்டிக்கிட்டான் தங்கச்சி!"

17 ஜூலை, வியாழன்

ரோடு போடுகிறார்கள் என்று அத்தை நேற்றே போன் செய்தார். மூன்று பேரும் விடிய முதல் பஸ்ஸில் போனோம். லயமே இறங்கி வந்து நிற்கிறது, வேலைக்குப் போகிறவர்கள்கூட கூடையோடு நிற்கிறார்கள். தார் வாசம். கணேஸ் அண்ணன் டீக்குக் காசு வாங்கவில்லை, அதுவே ஓர் அதிசயம்.

பழைய ரோலரை இழுத்து அப்பால் போட வேண்டும், புது ரோட்டு வழியில் நிற்கிறது என்று சபையில் பேசினார்களாம். யாரும் இழுக்க முன்வரவில்லை. ஆகவே ரோட்டைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொண்டுபோகிறார்கள்.

புது ரோலர் லொறியில் வந்து இறங்கியது. பளபளவென்று மஞ்சள். ஓட்ட வந்தவர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போனவர், பழையதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இறங்கினார். செருப்பைக் கழற்றினார். வேலியோரத்தில் பூத்திருந்த, புத்தருக்கு வைக்கிற அரலியாப் பூவில் இரண்டைப் பறித்துப் பழைய உருளையின் மேல் வைத்துக் கும்பிட்டார். ஒருத்தரும் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகுதான் வண்டியை எடுத்தார். சனம் போட்ட சத்தத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஆபீஸ் ஜன்னலே ஆடியிருக்கும்! சயந்தன் விசிலடித்தான். ரஸீன் படம் எடுக்க மறந்து கைதட்டிக்கொண்டு நின்றான், நான் தலையில் தட்டிய பிறகுதான் கேமராவைத் தூக்கினான்.

இராஜகுமாரி அத்தை பேரனை என் கையில் திணித்தார். நல்ல கனம், வாயெல்லாம் எச்சில். "இதையும் எழுதுவியா?"

"எழுதுவேன் அத்தை."

"ரோடு போட்டுக் குடுத்தது யாருன்னு எழுதுவ?"

பிரதேச சபை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுதான் சரி, பேப்பர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.

"சாமிதான் அத்தை," என்றேன்.

சட்டம் போட்ட நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ரஸீன் திரும்பிப் பார்த்தான், சயந்தன் திரும்பிப் பார்த்தான், பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து அழுதுவிட்டான். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆமாம், வேற யாரு, என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு புது ரோட்டில் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. நாளைக்கு எட்டரைக்கு ஆபீஸ். இதை எழுதணும்.